உன் பெயரை நீயே சொல்

டோமினிக்,

போன ஞாயிறு பூசை முடிந்து நீ கார் எடுக்கப் போயிருந்த நேரத்தில், உன் கல்யாணத்தில் நீ பேச வேண்டியதைக் குறைத்துவிட்டார்கள்.

கெட்ட எண்ணத்தில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில் அலுவலக அறையில் ஃபாதர், உன் அப்பா, நான், உன் மாமா, பாலிங்கிலிருந்து வந்திருந்த கிறிஸ்டினாவின் அப்பா. கிறிஸ்டினா வெளியே பாடகர் குழுவோடு பேசிக்கொண்டிருந்தாள். யார் வாசகம் வாசிப்பது, காணிக்கைக்கு எந்தப் பாட்டு என்றெல்லாம் முடிவான பிறகு ஃபாதர் குரலைத் தாழ்த்தினார். மணமக்கள் தங்கள் பெயரைச் சொல்லி, துணையின் பெயரைச் சொல்லி, முழு வாக்குறுதியையும் தங்கள் வாயாலேயே சொல்வது ஒரு முறை. அதையே குருவானவர் கேள்வியாகக் கேட்க, 'ஆம்' என்று மட்டும் பதில் சொல்வது இன்னொரு முறை. இரண்டும் செல்லும். "தம்பிக்கு ரெண்டாவது வசதியா இருக்கும்னு நினைக்கிறேன்," என்றார்.

மாமா உடனே பிடித்துக்கொண்டான். "நல்ல ஐடியா ஃபாதர். கேமராக்காரன் வேற லைவ் போடுறான். லண்டன்லேருந்து தங்கச்சி பாக்கும், கோலாலம்பூர் ஆளுங்க எல்லாம் பாப்பாங்க. பையன் அங்க நின்னு மாட்டிக்கிட்டான்னா என்னா பண்றது?"

கிறிஸ்டினாவின் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "சம்பந்தி, மாப்பிள்ளைக்கு மாலு ஆயிடக் கூடாதுல்ல. அதுக்குத்தான்."

மாலு. வெட்கத்துக்கு நாம் மலாயிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். நம் சொல்லைவிட இது கூடுதலாகச் சுடும். வெட்கம் தனியாகவும் வரும். மாலு வர நாலு பேர் பார்க்க வேண்டும்.

"யாருக்கு மாலு?" என்று கேட்டேன்.

உன் அப்பாதான் நடுவில் புகுந்தார். "எவ்வளவு நேரம் ஆனா என்னங்க? பிரியாணி ஆறிடுமா? கேட்டரிங்காரன் கீழ நெருப்பு வச்சித்தான் வைக்கிறான்." மாமா சிரித்தான். ஃபாதரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "அவன் முழுசாத்தான் சொல்வான்," என்றேன். அப்போது வெளியே நீ ஹாரன் அடித்தாய்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பின் இருக்கையில் உட்கார்ந்து உன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீ முழுதாகச் சொல்வாய் என்று சொன்னது யார்? நான். உன்னைக் கேட்டேனா? இல்லை. அவர்கள் உன் பேச்சைக் குறைத்தார்கள். நான் கூட்டினேன். இரண்டு நேரமும் நீ அந்த அறையில் இல்லை.

அதனால் எழுதுகிறேன். நேரில் பேசினால் உன்னை முந்திவிடுவேன். முந்துவது எனக்குப் பழகிவிட்டது. காகிதத்தில் முந்த முடியாது. இப்படி ஒன்று எழுதப் போகிறேன், பத்திரிகைக்கும் அனுப்பலாமா என்று கேட்டபோது, உதட்டோடு கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு, "போ... போடு" என்றாய். என்னை மாதிரி பிள்ளை இருக்கிற வீட்டிலும் படிக்கட்டும் என்றாய். அவர்களுக்கும் அனுப்புகிறேன்.

எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் நீயும் பேச ஆரம்பித்தாய். நாலு வயதில் சொற்கள் வாய்க்குள்ளேயே நிற்கத் தொடங்கின. அப்போது நாம் பாலிங் போகும் சாலையில் தோட்டத்து வீட்டில் இருந்தோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு வேலை கிடைத்த புதிது. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வசம்பைச் சுட்டு, தேனில் உரசி, உன் நாக்கில் தடவினாள். அதன் காரம் தாங்காமல் நீ வீறிட்டாய். "வேணாம் வேணாம் வேணாம்!" ஒரு தடங்கல் இல்லை. "பாத்தியா டீச்சர், வேலை செய்யுது!" என்றாள். உன் அப்பா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் இவர்களையெல்லாம் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவள். எந்த ஒலிக்கு நாக்கு எங்கே தொடும் என்று படம் வரைந்து தேர்வு எழுதியவள். அந்தப் படங்களைக் கொண்டுவந்து உன் முன் வைத்தேன். நாலு வயதுப் பிள்ளையின் முன். இங்கே தொடு, இப்படி விடு. லெட்சுமி அக்காவின் வசம்புக்கும் என் படங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே உன் வாயில் ஏதோ பழுது என்றுதான் உனக்குச் சொல்லிக்கொடுத்தன. வசம்பில் தேனாவது இருந்தது.

ஒன்பது வயதில் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகள் ஆளுக்கொரு மன்றாட்டு வாசிக்க வேண்டும். உனக்குக் கிடைத்தது நோயாளிகளுக்கான மன்றாட்டு. நீ அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் மறைக்கல்வி ஆசிரியையிடம் போய், அதை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பாசத்தில்தான் கேட்டேன். போன ஞாயிறு அந்த அறையில் இருந்தவர்களிடம் இருந்த அதே பாசம். உன் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். அழகாக ஏந்திக்கொண்டு நடந்தாய். எல்லாரும் உன்னைப் படம் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே உன் குரல் கேட்டது. அந்த மன்றாட்டு. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, எங்கும் நிற்காமல். நான் துண்டோடு கதவுக்கு வெளியே நின்றேன். தனியாக இருந்தால் வருகிறதே, அப்படியானால் முயன்றால் வரும் என்று கணக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து உன்னைப் பாடாய்ப் படுத்தினேன். மூச்சை இழு. நிதானமாச் சொல். மறுபடி சொல். மறுபடி. அந்தக் குளியலறைக் குரல் எனக்குச் சொன்னது வேறு. உனக்குப் பேசத் தெரியும். கேட்பவர்கள் முன்னால்தான் உனக்குச் சிக்கல். அப்படியானால் மாற வேண்டியவர்களில் நாங்களும் உண்டு. இது எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆயிற்று.

பிறகு தோட்டத்தை விட்டு நகரத்துக்கு, பாக்கார் ஆராங்குக்கு வந்தோம். சுங்கைப் பட்டாணியில் பெரிய பள்ளி. அங்கே உனக்கு வைத்த பெயர் மோட்டார். ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள். நீ வாயைத் திறந்தால் ஒருவன் எழுந்து காற்றில் கிக்கரை உதைப்பானாம். இன்னொருவன் வாயால் உறுமுவானாம். உன் நண்பன் வந்து சொன்னான். நான் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போடப் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். "வேணாம் ஆன்ட்டி, அது முடிஞ்சிருச்சி," என்றான். நீயே முடித்துவிட்டாயாம். கிக்கர்காரன் உதைத்து உதைத்துக் களைத்துப்போனதும் அவன் முன்னால் கையை நீட்டி, "பெ... பெ... பெட்ரோலுக்குக் காசு குடுலா," என்றாயாம். வகுப்பே சிரித்ததாம். இந்த முறை அவனைப் பார்த்து.

அதைக் கேட்டு நான் சேலைத் தலைப்போடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். என் பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்திருந்தது. எல்லா இடத்துக்கும் வரவில்லை. அதே வருடம் டியூஷன் மையத்திலிருந்து உன்னைக் கூட்டிவர ஒருநாள் சீக்கிரமே போய், முன் மேசையில் இருந்த பெண்ணிடம் டோமினிக்கை அனுப்புங்கள் என்றேன்.

"டோமினிக்கா? அப்படி யாரும் இல்லையே அக்கா."

"இல்லம்மா, இங்கதான் படிக்கிறான். ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பான்."

"அட, நம்ம லாரன்ஸா!"

நீ படியிறங்கி வந்தாய். என்னையும் பார்த்தாய், அவளையும் பார்த்தாய். காரில் நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். முதல் நாள் பெயர் கேட்டபோது உன் பெயர் வரவில்லை. பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வந்த பெயரைச் சொல்லிவிட்டாய். நான் உனக்கு வைத்த பெயரை நீ அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. வரிசை உன்னை நெருக்கியது. இப்போது அந்த ஃபாதர் அறையை நினைத்துப் பார். அங்கேயும் ஒரு வரிசைதான் உன்னை நெருக்குகிறது. கொஞ்சம் நல்ல உடை போட்ட வரிசை.

போன வருடம் நம் தெருமுனை ஒட்டுக்கடையில் நடந்ததைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. கிறிஸ்டினாவை முதன்முதலாக எங்களுக்குக் காட்ட அழைத்து வந்திருந்தாய். கடைக்கார அண்ணன் வந்தார். உன்னைப் பல வருடமாகத் தெரிந்தவர். "தம்பிக்கு வழக்கம்போல லிமாவ் ஐஸ்தானே?" என்று திரும்பப் போனார். ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு. நீ தலையாட்டவில்லை. "க" என்றாய். அத்தோடு நின்றது. உன் தாடை இறுகியது. கழுத்து நரம்பு எழுந்தது. அண்ணன் நின்றார். பக்கத்து மேசை திரும்பியது. என் உதடுகள் தானாக அசைந்தன. என்ன சொல்ல வருகிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனாலும் அசைந்தன. மேசைக்கு அடியில் கிறிஸ்டினாவின் கை வந்து என் முழங்காலில் அமர்ந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது. அவள் உன்னைக் கவலையோடு பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய். நாங்கள்தான் அதை இத்தனை நாள் மௌனம் என்று நினைத்திருந்தோம்.

"க... கோப்பி ஓ. கூராங் மானிஸ்." பால் இல்லாத கோப்பி, சீனி குறைத்து.

அண்ணன் போனதும் கேட்டேன். "உனக்கு லிமாவ் ஐஸ்தானேடா பிடிக்கும்?"

"பி... பிடிக்கவே பிடிக்காதும்மா."

"அப்புறம் ஏன்டா இத்தனை வருசமா அதையே குடிச்ச?"

"வா... வாயில லேசா வரும்."

உன் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப வீட்ல ஃபிரிட்ஜ் நிறைய எலுமிச்சம்பழம்?"

"ஊறுகாய் போட்டுடலாம் அங்கிள்," என்றாள் கிறிஸ்டினா.

எல்லாரும் சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாரா வாரம் பசாரில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து வந்தவை. உன் பிறந்தநாளுக்குப் பெரிய ஜாடியில் பிழிந்து வைத்தவை. உன் விருப்பம் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தது, உனக்குச் சொல்ல முடிந்தது மட்டுமே. வேண்டியதைக் கேட்காமல், வாயில் வந்ததைக் குடித்து வளர்ந்திருக்கிறாய். பார்ப்பவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லாத, நல்ல பிள்ளையாக. சங்கடம் கொடுத்திருக்கலாம் டோமினிக். எங்களுக்கு அது தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு இன்னொன்றும் கவனித்தேன். அவளை அவள் வீட்டில் டினா என்கிறார்கள். தோழிகள் கிறிஸ் என்கிறார்கள். நீ மட்டும் ஒவ்வொரு முறையும் கிறிஸ்டினா என்கிறாய். உனக்கு மிகவும் கஷ்டமான எழுத்தில் தொடங்கி, முழுதாக. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கூப்பிடுவதென்றாலும் அதே பெயர். சுருக்க வழி இருந்தும் நீ எடுக்கவில்லை. லாரன்ஸ் என்று சொல்லித் தப்பித்த பையன் எப்போது போனான் என்று எனக்குத் தெரியாது. அவனை அனுப்பிவைத்தது நான் இல்லை. அது மட்டும் தெரியும்.

நிச்சயதார்த்தத்தில் ஒரு சொல்லைப் பலமுறை கேட்டேன். இருந்தாலும். "கொஞ்சம் திக்கும், இருந்தாலும் நல்ல பையன்." "பேச்சு அப்படி இருந்தாலும் நல்ல வேலை." அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையுறைத் தொழிற்சாலையில் நீ இயந்திரம் பழுது பார்க்கிறாய். கிறிஸ்டினா அங்கே அலுவலகத்தில் இருக்கிறாள். அவள்தான் சொன்னாள். நேப்பாளத்துத் தொழிலாளர்கள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் போவதில்லையாம், உன்னிடம்தான் வருகிறார்களாம். அவர்களுடைய மலாய் பாதி வழியில் நின்றுவிடும். மேற்பார்வையாளர் மீதியைத் தானே சொல்லி முடித்து, தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடுவார். "டோமினிக் மட்டும்தான் ஆன்ட்டி, அவங்க முடிக்கிற வரைக்கும் நிப்பாரு. ஒருநாள் ஒருத்தர் கையில அடிபட்டத சொல்ல முடியாம நின்னாரு. இவரு பக்கத்துலயே நின்னாரு. அத பாத்துத்தான் எனக்கு..." என்று நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அந்த வாக்கியத்தை நான் முடித்துவைக்கவில்லை. கற்றுக்கொண்டு வருகிறேன்.

திக்குவதை வரம் என்று சொல்ல மாட்டேன். வலிக்காதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். தொலைபேசி அடிக்கும்போது உன் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். குறை என்றும் சொல்ல மாட்டேன். அது நீ பேசும் விதம். உன் உயரம் போல, உன் நடை போல. அதில் வலியும் இருக்கிறது, அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் நின்றவனும் அதில்தான் இருக்கிறான். ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உன்னை நேசிக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதற்குத் திக்கலாம், திக்காமலும் போகலாம். கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்ளலாம். எல்லாரும் ஓடும்போது ஓரத்தில் உட்கார்ந்து எறும்பு பார்க்கலாம். நாலு பேர் வசம்போடு வருவார்கள். இந்தக் காலத்து வசம்பு கைபேசியில் வரும். வாங்கி வைத்துக்கொள், நன்றி சொல், அனுப்பிவிடு. பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் தேடிக்கொடு. எதற்கு உதவி என்று முதலில் அதனிடம் கேள். பதில் வர நேரமானால் அங்கேயே இரு. மற்றவர்களைப் போல இருக்கிறாய் என்று ஒருநாளும் அதைப் பாராட்டாதே. நான் உன்னை அப்படிப் பாராட்டியிருக்கிறேன். இன்னிக்கு யாருக்குமே தெரியலடா என்று. உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

நேற்று கிறிஸ்டினா கூப்பிட்டாள். அவள் அப்பா வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "அப்பாகிட்ட சொல்லிட்டேன் ஆன்ட்டி. ஆம்னு சொல்றதா, முழுசா சொல்றதா, அத டோமினிக்தான் சொல்லணும். நீங்க எல்லாரும் இல்லன்னு." நீங்க எல்லாரும் என்பதில் நானும் உண்டு என்பது எனக்குப் புரிந்தது. போனை வைக்கும் முன், "ஆனா அவரு என் பேரச் சொல்றது எனக்குப் பிடிக்கும் ஆன்ட்டி," என்றாள்.

அவ்வளவுதான். முடிவு உன்னுடையது. 'ஆம்' போதும் என்று உனக்குத் தோன்றினால் 'ஆம்' சொல். அதற்காக உன்னைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. ஃபாதரிடம் நான் சொன்னதை நானே போய்த் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்காகச் சுருக்காதே. லைவுக்காகச் சுருக்காதே. லண்டன் சித்திக்காக, சம்பந்தியின் மாலுவுக்காக, பிரியாணிக்காகச் சுருக்காதே.

முழுதாகச் சொல்வதென்று நீ முடிவெடுத்தால், உன் பெயரின் முதல் எழுத்திலேயே நிற்க நேரலாம். மைக் அதைப் பெரிதாக்கும். பின் வரிசையில் யாராவது இருமுவார்கள். ஒரு குழந்தை, ஏம்மா அந்த அங்கிள் பேச மாட்றாரு என்று சத்தமாகக் கேட்கும். கேட்கட்டும். மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். பார்க்கட்டும். கேமராக்காரன் பூவைப் படம் பிடிக்கத் திருப்புவான். அவனிடம் நான் முன்கூட்டியே பேசிவிடுகிறேன், திருப்ப மாட்டான். நம் சனம் மணப்பெண் வரக் காத்திருக்கும், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும், மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் காத்திருக்கும். ஒரு மனிதன் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரையும் காத்திருக்கட்டும்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. கோப்பி போட்டு வைக்கிறேன், சீனி குறைத்து. என்ன முடிவு என்று அப்போது சொல். அவசரமில்லை.

கல்யாணத்தன்று நான் முன்வரிசையில் இருப்பேன். வாயை மூடிக்கொண்டு.

அம்மா